மண்தரையை நினைத்து விமானம் செய்தவர்

2016-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் காலை, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு சரக்கு விமானம் அந்தமானின் போர்ட் பிளேரை நோக்கிப் புறப்பட்டது. அதில் இருபத்தொன்பது பேர் இருந்தனர். வங்கக் கடலின் மேல் சென்றுகொண்டிருந்தபோது அவ்விமானம் ரேடார்த் திரையிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் வாரக்கணக்கில் தேடின; பயனில்லை. அந்நாட்களில் செய்தித்தாள் படித்தவர்களுக்கெல்லாம் ஏ.என்.-32 என்னும் பெயர் மனப்பாடமாகியிருக்கும். ஆயினும் அந்த ஏ.என். என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயருடைய முதலிரண்டு எழுத்துகள் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

அம்மனிதர் ஓலெக் கான்ஸ்டன்டினோவிச் அன்டனோவ். தாம் செய்த விமானங்கள் எத்தனை ஆண்டு பறக்கும், அவற்றின் முதுமையை யார் கவனிப்பர் என்னும் கேள்வி அவர் வாழ்ந்த காலத்திலேயே அவரைக் கடுமையாகத் தாக்கியது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அக்கேள்வி நம் நாட்டு விமானப்படையின் முன் நிற்கிறது. எனவே அவருடைய வாழ்க்கையை நாம் சற்று அறிந்துகொள்வது பொருந்தும்.

மாஸ்கோவை அடுத்த த்ரோயித்சி என்னும் சிற்றூரில் 1906 பிப்ரவரி 7 அன்று அன்டனோவ் பிறந்தார். தந்தையார் கட்டடப் பொறியாளர். 1912-இல் குடும்பம் வால்கா ஆற்றங்கரையிலுள்ள சரத்தோவ் நகரில் குடியேறியது. மாஸ்கோவிலிருந்து வந்த ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த கதையை வீட்டில் சொன்னார். சிறுவன் ஓலெக் அதை வாய்பிளந்து கேட்டான். அன்று பிடித்த பித்து வாழ்நாள் முழுவதும் விடவில்லை. தந்தையாருக்கு இதில் விருப்பமில்லை. பாட்டிதான் முதல் பொம்மை விமானத்தை வாங்கித் தந்தவர்.

பொம்மையைக் காட்டிலும் பயன்பட்டது வேறொன்று. பத்திரிகைகளில் வந்த விமானப் படங்களையெல்லாம் கத்தரித்து ஒரு தொகுப்பு ஏட்டில் ஒட்டிவந்தான் சிறுவன். எந்த விமானம் எதிலிருந்து வந்தது, எந்த மாற்றம் நிலைத்தது, எது ஓராண்டில் மறைந்தது என்பதெல்லாம் அவ்வேட்டைப் புரட்டியே அவன் கண்டுகொண்டான். பள்ளிப் பாடம் கற்பிக்காத பாடம் அது. பிற்காலத்தில் ஒரே விமானத்தை மெல்ல மெல்ல மாற்றி வேறொரு விமானமாக்கும் வித்தையில் அவர் வல்லவரானதற்கு இந்த ஏட்டிலேயே வித்து விழுந்தது எனலாம்.

முதல் உலகப் போரில் காயமுற்றோரைப் பேணிய தாயார், அப்பணியில் தொற்றிய நோயால் இறந்தார். புரட்சியும் உள்நாட்டுப் போரும் வந்தன. ஓலெக் படித்த பள்ளி மூடப்பட்டது. புதிய பள்ளியில் சேர வயது போதவில்லை. அப்பள்ளியில் படித்த அக்காவுடன் நாள்தோறும் சென்று கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்டான் என்றும், இரண்டாண்டுகளில் ஆசிரியர்கள் அவனுக்குப் பழகிப்போய்ச் சான்றிதழும் கொடுத்துவிட்டனர் என்றும் கூறுவர். விமானியாக வேண்டும் என்று விண்ணப்பித்தான். உடல்நலம் போதாதென்று திருப்பி அனுப்பினர். பறக்கவிடாதவர்கள் செய்யவிடாமல் தடுக்க முடியுமா? நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கிளைடர் கட்டத் தொடங்கினான். கிளைடர் என்பது என்ஜின் இல்லாத விமானம். காற்றை மட்டும் நம்பி மிதப்பது. 1924-இல் புறா என்று பெயரிட்ட தம் முதல் கிளைடரை அவர் கிரிமியாவின் கொக்தெபெல் குன்றுகளுக்குக் கொண்டுசென்றார். அது நன்றாகப் பறக்கவில்லை. ஆயினும் அமைப்பின் புதுமைக்காக ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதைவிட, பின்னாளில் சோவியத் வானூர்தித் துறையையே நடத்திச் சென்ற இளைஞர் பலருடைய நட்பு அக்குன்றுகளில் கிடைத்தது.

லெனின்கிராட் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் 1925-இல் சேர்ந்து 1930-இல் பட்டம் பெற்றார். பின்னர் மாஸ்கோவை அடுத்த துஷினோவில் கிளைடர்த் தொழிற்சாலையின் தலைமை வடிவமைப்பாளர். அங்கே ஏறத்தாழ இருபது வகைகளை உருவாக்கினார். அவற்றுள் ரோட் பிராண்ட்-7 என்பதில் 1939-இல் ஓல்கா கிளெப்பிகோவா என்னும் பெண்மணி 749 கிலோமீட்டர் பறந்து உலகச் சாதனை படைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அதை எவரும் முறியடிக்கவில்லை. ஆனால் அச்சாதனைக்கு முந்திய ஆண்டே தொழிற்சாலையை மூடிவிட்டிருந்தார்கள்! அன்டனோவ், போர் விமானங்களுக்குப் பெயர்பெற்ற யாக்கவ்லெவிடம் போய்ச் சேர்ந்தார்.

போர்க்காலத்தில் அவர் செய்தவற்றுள் ஏ-7 என்னும் கிளைடர் குறிப்பிடத்தக்கது. பகைவரின் பின்புறத்தில் காடுகளில் போரிட்ட கெரில்லா வீரர்களுக்கு ஆட்களையும் பொருள்களையும் கொண்டு சேர்த்தது அது. இரவில், காட்டு வெட்டவெளியில், விளக்கில்லாமல் இறங்க வேண்டும். ஓடுபாதை என்பதே இல்லாத இடத்தில் இறங்குவதைப் பற்றி அவர் அப்போதே நிறையச் சிந்தித்திருக்க வேண்டும். இன்னொன்று வேடிக்கையானது. டாங்கி ஒன்றுக்கு இரட்டை இறக்கை பூட்டி 1942-இல் பறக்கவிட்டார். இழுத்துச் சென்ற பெரிய விமானத்தின் என்ஜின்கள் சூடேறிப்போக, நடுவழியில் கயிறு விடுபட்டது. சோதனை விமானி அனோகின் பத்திரமாகத் தரையிறங்கி, டாங்கியை ஓட்டிக்கொண்டே முகாம் திரும்பினார். இரண்டாம் முறை எவரும் முயலவில்லை.

யாக்கவ்லெவின் துணையாளராகப் போர் விமானங்களில் உழைத்த ஆண்டுகளிலும் அவர் மனத்தில் வேறொரு விமானம் இருந்தது. அதை 1940-இலேயே வரைந்து காட்டியிருந்தார். வேகம் போதாதென்று ஒதுக்கினர். வேகமே விமானத்தின் பெருமை என்று உலகம் நினைத்த காலம் அது. 1945-இல் சைபீரியாவின் நோவசிபிர்ஸ்க் நகருக்குச் சென்றார். 1946 மே 31 அன்று அவருக்கென்று தனி வடிவமைப்பகம் அமைக்க ஆணை பிறந்தது. பணி, வேளாண்மைக்கு ஒரு விமானம் செய்வது. புகழ்பெற்ற பொறியாளர்கள் சைபீரியக் குளிருக்கு வருவார்களா? அவ்வூர்த் தொழிற்பயிற்சிப் பள்ளியில் அப்போதுதான் படித்து முடித்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

1947 ஆகஸ்ட் 31 அன்று ஏ.என்.-2 பறந்தது. ஜெட் யுகம் பிறந்துவிட்ட காலத்தில், மேலும் கீழும் இரண்டு இறக்கையோடு, பழைய படத்தில் வருவதுபோல் ஒரு விமானம்! பார்த்தவர் நகைத்திருந்தாலும் வியப்பில்லை. ஆனால் அந்த இரட்டை இறக்கைக்குக் காரணமிருந்தது. இறக்கைப் பரப்பு மிகுந்தால் குறைந்த வேகத்திலேயே விமானம் எழும்பும். குறைந்த வேகத்தில் எழும்பினால் நீண்ட ஓடுபாதை வேண்டா. நீண்ட ஓடுபாதை வேண்டாதபோது புல்வெளியும் உழுத நிலத்தின் ஓரமும் விமான நிலையமாகிவிடும். ஆயிரம் குதிரைத் திறன் கொண்ட ஒரே என்ஜின். பன்னிரண்டு பேர் அமரலாம். சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கருவி விமானத்துக்குள்ளேயே உண்டு. பீப்பாயிலிருந்து எரிபொருளை ஏற்றும் பம்பும் உண்டு. பழுது பார்ப்பவர் ஒருவர், பட்டறையில்லாத சிற்றூரில், கையிலுள்ள கருவிகளோடு நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்தே ஒவ்வொன்றையும் அமைத்திருக்கிறார்கள். சோவியத் நாட்டிலும் போலந்திலும் சீனத்திலுமாகப் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. தம் விமானங்கள் எல்லாவற்றிலும் இதையே தம் பெரிய வெற்றியாக அன்டனோவ் கருதினார் என்பர். அவரைப் பற்றி ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் நானும் இதையே சொல்வேன்.

1952-இல் வடிவமைப்பகம் உக்ரேனின் தலைநகரான கீவ் நகருக்கு மாறியது. இனி அவருடைய ஊர் அதுவே. அங்கிருந்து புறப்பட்டவை ஏ.என்.-8, ஏ.என்.-10, ஏ.என்.-12, ஏ.என்.-24 என்று வரிசையாக நீளும். இவற்றுள் ஏ.என்.-12 நமக்கு நெருக்கமானது. 1957 டிசம்பரில் முதன்முதல் பறந்த இது நான்கு டர்போபுராப் என்ஜின்களும் இருபது டன் சுமக்கும் வலிமையும் கொண்டது. இறக்கை உடலின் மேல்புறத்தில் இருப்பதால் சுழல்விசிறிகள் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். கல்லும் மண்ணும் எளிதில் அடிக்காது. உடலோ தரையை ஒட்டித் தாழ்ந்திருக்கும். வால்புறக் கதவைத் திறந்தால் லாரியைப் பின்னுக்கு எடுத்து நேரே சரக்கை ஏற்றலாம். இந்திய விமானப்படை 1961-இல் இதனைப் பெற்றது. அடுத்த ஆண்டே சீனத்துடன் போர் மூண்டது. 1962 அக்டோபரில், 4,000 மீட்டருக்கும் மேல் உயரத்திலுள்ள சுஷுல் களத்துக்கு இலகுரக டாங்கிகளை ஏ.என்.-12 விமானங்களே கொண்டு இறக்கின. 1971 போரில் இதே சரக்கு விமானங்களிலிருந்து பின்கதவு வழியே குண்டுகளை உருட்டிவிட்டுத் தாக்கினர் நம் விமானிகள். இதை அன்டனோவ் நினைத்தே பார்த்திருக்கமாட்டார்.

இனி அவருடைய வாழ்க்கையின் இருண்ட பக்கத்துக்கு வருகிறேன். ஏ.என்.-12 சரக்குக்கு, அதனுடன் பிறந்த ஏ.என்.-10 பயணிகளுக்கு. இரண்டும் ஏறத்தாழ ஒரே உடலமைப்பு. 1959 முதல் ஏரோபிளாட் நிறுவனம் அதனைப் பெருவாரியாக ஓட்டியது. சிறிய ஊர்களின் கரடுமுரடான நிலையங்களிலும் இறங்கும் என்பதால் மக்கள் விரும்பினர். 1972 மே 18 அன்று மாஸ்கோவிலிருந்து கார்க்கிவ் நகருக்கு வந்துகொண்டிருந்த ஏ.என்.-10 ஒன்று, இறங்குவதற்குச் சற்று முன் நடுவானில் இறக்கை முறிந்து வீழ்ந்தது. 122 பேரும் இறந்தனர்.

காரணத்தை ஆராய்ந்தபோது இறக்கைகள் உடலோடு சேரும் நடுப்பகுதியின் அடித்தகட்டில் உலோகக் களைப்பால் விளைந்த விரிசல் தெரியவந்தது. களைப்பு என்பது இங்கு உவமையன்று. பொறியியலில் வழங்கும் சொல்லே அது. இயற்பியல் துறை நண்பர்கள் பொறுத்தருள்க. மற்றவர்க்காகச் சிறிது விளக்குகிறேன். ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடிவதில்லை. அதே அளவு முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிகிறது. விமானம் எழும்பும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது, இறங்கும்போது தளர்கிறது, காற்றுக் குழிகளில் அசைகிறது, கரடான தரையில் ஓடும்போது அதிர்கிறது. ஒவ்வொரு பயணமும் கம்பியை ஒருமுறை வளைப்பதற்கு ஒப்பு. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று தோன்றும். பல்லாயிரம் முறைக்குப் பின் அது நீளும். பின்னர் ஒருநாள், மழையில்லை, புயலில்லை, விமானியிடம் பிழையில்லை, இறக்கை போய்விடும். ஆகையால்தான் விமானத்தின் வயதை ஆண்டுகளால் மட்டும் கணக்கிடுவதில்லை. எத்தனை மணி பறந்தது, எத்தனை முறை இறங்கியது என்றும் ஏட்டில் எழுதிவைக்கிறார்கள்.

அவ்விபத்துக்குப் பின் ஏ.என்.-10 பயணிகள் பணியிலிருந்து விலக்கப்பட்டது. எந்தத் தரையிலும் இறங்கும் என்று பெயர்பெற்ற விமானத்துக்கு, அந்தத் தரைகளே நஞ்சாயினவோ என்று எனக்குத் தோன்றுகிறது. உழைப்புக்கு அஞ்சாத மாட்டைத்தான் எல்லாரும் ஓயாமல் ஏரில் பூட்டுகிறார்கள். அன்டனோவுக்கு அப்போது வயது 66. பணியிலிருந்து அவர் விலகவில்லை. நூற்றிருபத்திரண்டு பேரின் நினைவோடு அடுத்த வரைபடத்தின் முன் உட்கார்வது எளிதாக இருந்திருக்காது.

அவருடைய பிற சாதனைகளை விரைந்து சொல்லிவிடலாம். 1965-இல் பாரிசு விமானக் கண்காட்சிக்கு அவர் கொண்டுசென்ற ஏ.என்.-22 அந்நாளில் உலகின் மிகப்பெரிய விமானம். 1967-இல் அது நூறு டன்னைத் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் உயரத்துக்குச் சென்றது. 1982 டிசம்பர் 24 அன்று பறந்த ஏ.என்.-124 அதனினும் பெரிது. லெனின் பரிசும் சோசலிச உழைப்பு வீரர் பட்டமும் அவருக்குக் கிடைத்தன. ஓவியம் தீட்டுவார்; டென்னிசு ஆடுவார்; குரலை உயர்த்திப் பேசாதவர் என்று உடன் பணியாற்றியோர் நினைவுகூர்ந்துள்ளனர். பொருளியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி: தொழிற்சாலையின் உற்பத்தியை மொத்த அளவால் மட்டும் அளப்பது பிழையான முறை என்று வாதிட்டு 1965-இல் ஒரு நூலே எழுதினார். தேவையற்ற ஒவ்வொரு கிலோவையும் விமானத்திலிருந்து கழிக்கப் பாடுபடுகிறவருக்கு, எடை கூடினால் உற்பத்தி கூடிற்று என்னும் கணக்கு எப்படிப் பொறுக்கும்?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். விடுதலைக்குப் பின் நம் விமானப்படையின் சரக்குப் பணியைச் சுமந்தவை டகோட்டாக்கள். 1948 மே 24 அன்று மெகர் சிங் அவர்கள் ஒரு டகோட்டாவை லே நகரில், கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேல், ஆற்றங்கரை மணலில் இறக்கினார். பின்னர் அமெரிக்காவின் பாக்கெட் விமானங்களும் கனடாவின் கரிபூ விமானங்களும் வந்தன. சமவெளியில் இவை செம்மையாக உழைத்தன. மலையில்தான் தொல்லை. உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறைவு. என்ஜினுக்கு மூச்சுக் குறைவு. கோடை வெயில் சேர்ந்துகொண்டால் காற்று இன்னும் மெலியும். கீழே ஐந்து டன் தூக்குகிற விமானம் மேலே அதில் பாதியைத் தூக்கவே தடுமாறும்.

அதற்கு நம்மவர் கண்ட வழி பாராட்டத்தக்கது. பாக்கெட்டின் முதுகில் கூடுதலாக ஒரு ஜெட் என்ஜினைப் பொருத்தினர்; எழும்பும் சில நிமிடங்களுக்கு அது கைகொடுக்கும். அவ்விதமே 1962 ஜூலையில் ஐயாயிரம் மீட்டருக்கும் மேல் உயரமுள்ள தௌலத் பேக் ஓல்டியில் ஒரு பாக்கெட் இறங்கி மீண்டது. பழையதைக் கைவிடாமல் புதுவலிமை ஊட்டுவதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் எத்தனை நாளைக்கு? 1970-களில் டகோட்டாவுக்கு உதிரிப்பாகம் கிடைப்பதே அரிதாயிற்று. மூன்று வகை முதியவற்றுக்கும் மாற்றாக ஒரே வகை விமானம், அதுவும் இமயத்துக்கு ஏறும் விமானம், வேண்டியிருந்தது.

அன்டனோவ் புதிதாக ஒன்றை வரையத் தொடங்கவில்லை. சிறுவயதில் படங்களை ஒட்டிய ஏடு இங்கே நினைவுக்கு வருகிறது. பயணிகள் விமானமான ஏ.என்.-24 ஏற்கெனவே வால்புறக் கதவு பெற்று ஏ.என்.-26 என்னும் சரக்கு விமானமாகியிருந்தது. அதன் உடலை எடுத்துக்கொண்டார். 2,820 குதிரைத் திறன் என்ஜின்களை நீக்கிவிட்டு, ஏ.என்.-12 வகையைச் சேர்ந்த 5,180 குதிரைத் திறன் என்ஜின் இரண்டைப் பொருத்தினார். ஏறத்தாழ இருமடங்கு! அவற்றின் பெரிய சுழல்விசிறிகள் உடலிலும் தரையிலும் உரசாதிருக்க, என்ஜின்களை இறக்கையின் மேல் தூக்கி வைத்தார். ஏ.என்.-32-ஐப் பார்த்தவர் மறக்காத அந்த எடுப்பான தோற்றத்துக்கு இதுவே காரணம், அழகுக்காகச் செய்ததன்று. 1976 ஜூலையில் முதன்முதல் பறந்தது. ஆறு டன்னுக்கு மேல் சுமந்து, 4,000 மீட்டரையும் தாண்டிய நிலையங்களில் இயங்கும். அவர் சொந்த நாட்டு விமானப்படை இதைப் பெரிதாக நாடவில்லை. நாடியது இந்தியா. இந்தியாவின் தேவை இல்லையேல் இவ்விமானம் ஒரு மாதிரியோடு நின்றுபோயிருக்கலாம்.

1984-இல் அவை இந்தியா வரத் தொடங்கின. நூற்றுக்கும் மேற்பட்டவை வந்தன. அதே 1984-இல், ஏப்ரல் 4 அன்று, கீவ் நகரில் அன்டனோவ் தம் 78-ஆம் வயதில் காலமானார். அவர் வளர்த்த நிறுவனத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

லே, தோய்ஸ், அருணாசலத்தின் மேச்சுகா, அந்தமான் என்று ஏ.என்.-32 செல்லாத மூலை குறைவு. எல்லையில் நிற்கும் வீரனுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கடிதமும் கொண்டு சென்றது அது. பாக்கெட் விட்டுச்சென்ற தௌலத் பேக் ஓல்டியில் நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின், 2008 மே 31 அன்று, மீண்டும் இறங்கியது ஓர் ஏ.என்.-32. இவ்வளவு உழைத்தால் வயது ஏறாதா? 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது வடிவமைப்பகம் உக்ரேனில் நின்றது. உதிரிப்பாகம் செய்த தொழிற்சாலைகள் சில எல்லைக்கு அப்பால் போயின. 2009-இல் இந்தியா உக்ரேனோடு ஏறத்தாழ 40 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களைப் பிரித்துச் சோதித்து, என்ஜினைச் செப்பனிட்டு, வழிகாட்டும் கருவிகளைப் புதுப்பித்து, ஆயுளை 25 ஆண்டிலிருந்து 40 ஆண்டாக நீட்டுவது திட்டம். நாற்பது விமானங்கள் கீவ் செல்லும். எஞ்சியவை கான்பூரில் நம்மவர் கையாலேயே சீர்பெறும். முதல் தொகுதிகள் சென்று திரும்பின. 2014-இல் உக்ரேனில் குழப்பம் மூண்டது. உதிரிப்பாகம் வருவது தடைப்பட்டு, கான்பூர் வேலை பின்தங்கியது. மாஸ்கோவை அடுத்த சிற்றூரில் பிறந்து கீவில் மண்ணான ஒருவரின் விமானங்கள், அவ்விரு நாடுகளின் பகையால் இந்தியாவில் பாகத்துக்குக் காத்துக் கிடந்தன.

2016-இல் தாம்பரம் விமானம் போயிற்று. 2019 ஜூன் 3 அன்று ஜோர்ஹாட்டிலிருந்து மேச்சுகாவுக்குச் சென்ற ஏ.என்.-32 அருணாசல மலையில் மோதிப் பதின்மூவர் இறந்தனர். எட்டு நாள் தேடிய பின்னரே அது விழுந்த இடம் தெரிந்தது. ஒவ்வொரு விபத்தின்போதும் இந்தப் பழைய விமானங்களை இன்னும் ஏன் பறக்கவிடுகிறீர்கள் என்னும் குரல் எழுந்தது. நியாயமான குரல்தான். ஆயினும் கேள்வியை இரண்டாகப் பிரித்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். முறையாகச் சோதித்து, களைத்த பாகங்களை மாற்றிவரும் விமானம் வயதாலேயே ஆபத்தானதாகிவிடாது. 1972-இல் கொன்றது வயதன்று, எவர் கண்ணிலும் படாத விரிசல். ஆனால் பழுதுபார்க்கும் வேலை பின்தங்கி, பாகம் வராமல், நாள் தள்ளிக்கொண்டே போகுமானால், அப்போது புதியதை வாங்காமல் மிச்சப்படுத்தும் பணம் மிச்சமன்று. வேறொருவர் அதற்கு விலை கொடுக்கிறார்.

மாற்று ஏற்பாடுகள் மெல்ல நகர்ந்தன. 2021-இல் ஸ்பெயின் நாட்டு சி-295 விமானங்கள் 56 வாங்க ஒப்பந்தமாயிற்று. முதல் விமானம் 2023-இல் வந்தது. ஆனால் அவை ஆவ்ரோ என்னும் இன்னொரு முதியவருக்கு மாற்றாக வந்தவை. 18 முதல் 30 டன் வரை சுமக்கும் நடுத்தர விமானம் ஒன்றுக்காக 2022-இல் விமானப்படை உலக நிறுவனங்களிடம் விவரம் கேட்டது. இதற்கிடையில் ஏ.என்.-32 ஓய்ந்திருக்கவில்லை. தாவர எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைப் பத்து விழுக்காடு கலந்து, 2020 சனவரியில் அது லே நகரில் இறங்கி எழும்பியது. கீவை அடுத்த ஹோஸ்டோமெல் நிலையத்தில், அன்டனோவ் நிறுவனம் 1988-இல் பறக்கவிட்ட உலகின் மிகப்பெரிய விமானம் 2022 பிப்ரவரியில் போரில் எரிந்துபோயிற்று. பெரியது அழிந்தது, சிறியவை பறந்தன.

தாம்பரம் விமானத்தின் கதை 2024 சனவரியில் தொடர்ந்தது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம், தாம்பரத்துக்கு அண்மையில் பள்ளிக்கரணையில் உள்ளது. அதன் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் ஒன்று, சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் கடலடியைப் படம் பிடித்தது. படங்களில் விமானத்தின் சிதைந்த பாகங்கள் தெரிந்தன. ஏ.என்.-32-இன் உறுப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒத்திருந்தன. அப்பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற் போனதாகப் பதிவில்லை. ஏழரை ஆண்டுகளுக்குப் பின், இருபத்தொன்பது குடும்பங்களுக்கும் அரசு அதைத் தெரிவித்தது.